தெருவுக்கு மரமா? முதலில் அண்ணாந்து பாருங்கள்

இரண்டு நாள் மழை தட்டினால் போதும், சேலத்தில் ஏதாவது ஒரு தெருச் சங்கம் கன்று வாங்க வண்டி பிடித்துவிடும். நல்ல காரியம்தான். ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் புதிதாக வருகிறவர்களும் சறுக்குகிறார்கள். கூண்டு வைக்காதது, தண்ணீர் ஊற்ற மறந்தது பற்றியெல்லாம் பேசப் போவதில்லை. அதை மேய வருகிற ஆடுகளும் வெயிலும் சொல்லிக் கொடுத்துவிடும். தப்பான மரத்தை வைத்தது மட்டும் பல வருடம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் நட்டவரே வீடு மாறிப் போயிருப்பார்.

மின்கம்பிக்குக் கீழே பெரிய மரம்

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். கன்னங்குறிச்சி பக்கம் ஒரு 30 அடித் தெரு. "சீக்கிரம் நிழல் வேணும் சார், பூவும் பூக்கணும்" என்று பெருங்கொன்றையும் தூங்குமூஞ்சியும் வாங்கினார்கள். வரிசை பிசகாமல் மின்கம்பம் இருக்கிற பக்கமாகவே நட்டார்கள். எதிர்ப்பக்கம் கம்பியே கிடையாது. கேட்டால், அங்கே கார் நிறுத்தணுமாம்.

தெருக் கம்பி தரையிலிருந்து ஏறக்குறைய 20 அடியில்தான் ஓடுகிறது. பெருங்கொன்றை 50 அடியைச் சாதாரணமாகத் தொடும். தூங்குமூஞ்சியோ தெருவின் இரு பக்கத்தையும் மூடுகிற அளவுக்குப் படரும். கிளை கம்பியைத் தொட்டதும் லைன்மேன் அரிவாளோடு வருவார். அது அவர் வேலை, குறை சொல்ல முடியாது. ஆனால் தலையை வெட்டினால் மரம் அடங்கிவிடாது. வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகப் புதுக்கிளை கிளம்பும். பட்டைக்கு அடியிலிருந்து முளைத்து மேலோட்டமாக ஒட்டியிருக்கும் கிளைகள் அவை. கீழே உள்ள கட்டையோ தண்ணீர் இறங்கி உளுத்துப்போகும். வருடா வருடம் கம்பிப் பக்கம் மட்டும் கழிக்க, பாரமெல்லாம் வீட்டுப் பக்கம் சேரும். சித்திரையில் கோடை மழைக்கு முன்னால் ஒரு காற்று அடிக்குமே, அந்தத் தெருவில் அப்படித்தான் ஒரு கிளை முறிந்து, சர்வீஸ் வயரையும் இழுத்துக்கொண்டு ஒரு வீட்டு கேட் மேல் விழுந்தது. அப்புறம் எல்லா மரத்தையும் வெட்டச் சொல்லிக் கையெழுத்து வாங்கியவர்கள் யார்? நட்டவர்களேதான். வெட்டுக்கூலிக்குத் தனிச் சண்டை.

கம்பிப் பக்கம் மந்தாரை, பவழமல்லி, நந்தியாவட்டை என்று சின்னதாக வையுங்கள். எதிர்ப்பக்கம் புங்கன். கோடைக்குச் சற்று முன் இலை உதிர்த்து, வெயில் ஏறும்போது பளபளவென்று தளிரோடு நிற்கும், கவாத்தையும் தாங்கும். பொறுமை உள்ள தெரு என்றால் மகிழம். பெருங்கொன்றையும் தூங்குமூஞ்சியும் ஏரிக்கரைக்கும் மைதானத்துக்கும் போகட்டும்.

குல்மோகர்

கட்டை மெத்து, வேர் மேலாக ஓடும். மே மாதம்தான் பூ. மே மாதம்தான் காற்றும்.

மண்ணைப் பார்க்காமல் வாங்குவது

மாமாங்கம், செட்டிச்சாவடி பக்கம் வெள்ளைக்கல் (மாக்னசைட்) பூமி. மக்னீசியம் மிகுந்த கார மண். நர்சரிப் பையில் செழித்த கன்று அங்கே இலை வெளிறி அப்படியே நின்றுவிடும். குழியில் செம்மண் கொட்டினால் போதும் என்பார்கள். வேர் குழியைத் தாண்டும் வரைக்கும்தான் அது உதவும். வேம்பும் புங்கனும் அங்கே தாக்குப்பிடிக்கும்.

ஏற்காட்டைப் பார்த்து சில்வர் ஓக்

அங்கே காபித் தோட்டத்தில் நிழலுக்கு வைக்கிற மரம் இது. காபிக்கு வேண்டியது சல்லடை நிழல். பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கு அது காணாது.

கோனோகார்பஸ்

அழகுக்காக வைக்கிற, வேகமாக வளரும் வெளிநாட்டு மரம். 2025இல் தமிழக அரசே நடக்கூடாது என்று தடை போட்டுவிட்டது. இன்னும் ஏன் கேட்கிறீர்கள்?

தென்னை

கீழே ஸ்கூட்டி நிறுத்துவீர்கள். வேண்டாம்.

ஜன்னலோரம் ஏழிலைப்பாலை

எப்போதும் பச்சையாக இருக்கிற, வடிவான மரம், சரி. ஐப்பசி, கார்த்திகையில் பூத்தால் ராத்திரி முழுக்க வாசனை வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். சிலருக்கு அது சுகம், சிலருக்குத் தலைவலி. அந்தத் தலைவலிக்காரர் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் மரம் நிலைக்காது, பூங்காவில் வைத்துவிடுங்கள்.