முதலில் ஒரு துண்டு வாயில்: வீட்டில் மாம்பழ இனிப்புகளும் பானங்களும்

மாம்பழத்தில் எதைச் செய்யப் போனாலும் என் முதல் வேலை, ஒவ்வொரு பழத்திலும் ஒரு சின்னத் துண்டு நறுக்கி வாயில் போட்டுப் பார்ப்பதுதான். ஒரே மரத்தில் ஒரே நாளில் பறித்த இரண்டு பழங்கள் கூட ஒரே மாதிரி இனிப்பதில்லை. ஒன்று தேனாக இருக்கும், பக்கத்தில் இருப்பது லேசாகப் புளிக்கும், மூன்றாவது பார்க்க அழகாக இருந்தும் சப்பென்று இருக்கும். இது தெரியாமல் சர்க்கரை டப்பாவைத் திறக்கவே கூடாது.

நான் சமைக்கத் தொடங்கிய புதிதில் வீட்டுக்கு உறவினர்கள் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். குறிப்பில் நாலு கப் கூழுக்கு ஒரு கப் சர்க்கரை என்று இருந்தது. அப்படியே கொட்டி ஜூஸ் செய்து கொடுத்தேன். பழம் ஏற்கெனவே நன்றாகக் கனிந்திருந்தது. யாருமே முழு டம்ளரையும் குடிக்கவில்லை. என் மகள் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டாள். அவ்வளவு நல்ல பழத்தை வீணாக்கிவிட்டோமே என்று அன்று எனக்கு மனசே ஆறவில்லை. அன்றிலிருந்து நான் சொல்லும் அளவுகளில் சர்க்கரை மட்டும் எப்போதும் கடைசியில்தான் வரும். இந்தக் கட்டுரையிலும் சர்க்கரை அளவை ஒரு தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சுவைத்துப் பார்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு. எந்தப் பழத்தில் என்ன செய்யலாம் என்பதையும் அந்தத் துண்டே சொல்லிவிடும். நன்றாக இனிக்கும் பழத்தைப் பாலோடு சேர்ப்பேன். புளிப்பு தெரிந்தால் தயிர். சப்பென்று இருந்தால் அடுப்பில் வைத்துச் சுண்டவிட்டு ஐஸ்கிரீம். காரணங்களைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பழமும் கூழும்

நிறத்தைப் பார்த்துப் பழம் வாங்காதீர்கள். டாமி அட்கின்ஸ் போன்ற வகைகள் காயாக இருக்கும்போதே சிவந்திருக்கும். கென்ட் நன்றாகப் பழுத்த பிறகும் பச்சை கலந்தே இருக்கும். காம்புக்குப் பக்கத்தில் மூக்கை வைத்தால் வாசனை வர வேண்டும், கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். இந்த இரண்டும் போதும்.

பழுக்காததைத் தயவுசெய்து ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். மாங்காய்க்குக் குளிர் ஆகாது. சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் தோல் கறுத்துப் புள்ளி விழும், உள்ளே சதை சரியாகப் பழுக்காமலே போய்விடும். ஒரு காகிதப் பையில், கூடவே ஒரு பழுத்த வாழைப்பழத்தையும் போட்டு மூடி வெளியில் வையுங்கள். வாழைப்பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு இரண்டு மூன்று நாளில் வேலையை முடித்துவிடும். பழுத்த பிறகு ஃப்ரிட்ஜுக்கு மாற்றினால் நாலைந்து நாள் தாங்கும்.

நறுக்குவதற்கு முன்னால் அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்து, காம்புப் பகுதியைத் தேய்த்துக் கழுவுங்கள். காம்பிலிருந்து கசியும் பால் சிலருக்குத் தோலில் எரிச்சலையும் தடிப்பையும் உண்டாக்கும். மாமரமும் முந்திரி மரமும் ஒரே குடும்பம். இரண்டின் பாலும் தோலுக்கு ஆகாது. எனக்கே ஒரு கோடையில் உதட்டோரம் புண்ணாகி ஒரு வாரம் உப்பு, காரம் தொட முடியவில்லை. தோலோடு கடித்துச் சாப்பிட்டதன் விளைவு அது. அப்புறம் காம்பைச் சுற்றிக் கொஞ்சம் தாராளமாகவே வெட்டி எடுத்துவிடுகிறேன்.

முந்நூறு கிராம் பழத்தில் தோலும் கொட்டையும் போக ஏறக்குறைய முக்கால் கப் கூழ் கிடைக்கும். இரண்டு பக்கக் கதுப்புகளையும் வெட்டி, ஸ்பூனால் வழித்து மிக்ஸியில் போடுங்கள். தண்ணீர் வேண்டாம். ஒரேயடியாக ஓட்டாமல் நாலு முறை விட்டு விட்டு அடித்தால் போதும். நீளமாக ஓட்டினால் சூடேறும், காற்றும் நுரையும் சேர்ந்து நிறம் வெளுக்கும். நார் உள்ள பழமென்றால் கட்டாயம் சல்லடையில் தேய்த்து வடிகட்ட வேண்டும். அல்போன்சா, அதாவுல்ஃபோ மாதிரி நார் குறைந்த வகைகளுக்கு அது தேவையில்லை. கொட்டையில் ஒட்டியிருப்பதைத் தூக்கி எறிய எனக்கு மனசு வராது. ஒரு கிண்ணத்தில் அரை டம்ளர் குளிர்ந்த தண்ணீர் விட்டு, கொட்டைகளை அதில் கையால் பிசைந்து எடுப்பேன். நீர்த்த அந்தச் சாற்றைக் கூழோடு கலக்காமல் தனியாக வைத்து, பானத்துக்கு மட்டும் பயன்படுத்துவேன்.

குடிக்க

மில்க் ஷேக்குக்கு ஒரு கப் கூழ், ஒன்றரை கப் காய்ச்சி நன்றாகக் குளிரவைத்த பால், ஒரு சிட்டிகை உப்பு. உப்பு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். அந்தச் சிட்டிகை பழத்தின் இனிப்பைத் தூக்கிக் காட்டும், உப்பாகத் தெரியாது. சர்க்கரை ஒரு ஸ்பூனில் தொடங்கிச் சுவைத்துப் பாருங்கள், பல நேரம் அதுவே அதிகம்.

இதில் முக்கியம், பழமும் பாலும் இரண்டுமே சில்லென்று இருக்க வேண்டும், அடித்த உடனே குடித்துவிட வேண்டும். மாம்பழத்தில் அமிலம் உண்டு. பால் புளிப்பேறினால் அதிலுள்ள புரதம் திரண்டுவிடும், சூடாக இருந்தால் இன்னும் சீக்கிரம் திரளும். அவசரத்தில் ஒரு நாள் ஆறாத பாலை ஊற்றினேன். மிக்ஸியைத் திறந்தபோது துகள் துகளாகத் திரிந்து கிடந்தது. இனிப்பான பழத்தைத்தான் பாலுக்கு எடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஐஸ் கட்டியைப் போட்டு அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பாதி டம்ளர் குடிப்பதற்குள் ஐஸ் கரைந்து மீதி வெறும் தண்ணீராக இருக்கும். கொஞ்சம் கூழை ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவைத்து அந்தக் கட்டிகளைப் போடுங்கள். கரையக் கரைய இன்னும் கெட்டியாகும், கடைசி வாய் வரை மாம்பழம்தான்.

புளிப்புப் பழத்துக்கு லஸ்ஸி. தயிர் ஏற்கெனவே திரண்டது என்பதால் அதற்கு மேல் திரிய எதுவும் இல்லை. ஒரு கப் கூழுக்கு ஒரு கப் கெட்டித் தயிர், அரை கப் குளிர்ந்த தண்ணீர். கொட்டையிலிருந்து பிசைந்தெடுத்த சாறு இருந்தால் தண்ணீருக்குப் பதிலாக அதையே ஊற்றுங்கள். பழமும் புளித்து, தயிரும் புளித்ததென்றால் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் சரிவராது. தயிராவது அன்றைக்கு உறைந்ததாக இருக்கட்டும்.

பச்சை மாங்காயிலும் அருமையான பானம் உண்டு. எனக்கு வெயில் நேரத்தில் மில்க் ஷேக்கைவிட இதுதான் பிடிக்கும். புளிப்பான பெரிய மாங்காய் ஒன்றைக் காம்பை நறுக்கிவிட்டு, தோலோடு குக்கரில் மூன்று விசில் விடுங்கள். ஆறியதும் தோலை உரித்துச் சதையைப் பிசைந்து எடுத்து, கிட்டத்தட்ட அதே அளவு சர்க்கரை, ஒரு ஸ்பூன் வறுத்துப் பொடித்த சீரகம், அரை ஸ்பூன் கறுப்பு உப்பு, ஒரு கைப்பிடி புதினா சேர்த்து மிக்ஸியில் அரையுங்கள். கண்ணாடிப் பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரும். டம்ளருக்கு இரண்டு பெரிய ஸ்பூன் போட்டுக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் போதும். நேரம் இருந்தால் குக்கருக்குப் பதில் மாங்காயை நேரடியாகத் தணலில், தோல் கருகும்வரை திருப்பித் திருப்பிச் சுட்டுப் பாருங்கள். அந்தப் புகை வாசனைக்கு ஈடே இல்லை.

குல்ஃபியும் ஐஸ்கிரீமும்

வீட்டில் செய்தால் கல் மாதிரி ஆகிறது, உள்ளே ஐஸ் துகள் நறநறக்கிறது என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. இரண்டுக்கும் தண்ணீர்தான் காரணம். பாலில் பெரும்பகுதி தண்ணீர், மாம்பழக் கூழிலும் பெரும்பகுதி தண்ணீர். அது உறையும்போது பெரிய பெரிய ஐஸ் படிகமாகிவிடுகிறது. இயந்திரத்தில் கிளறிக்கொண்டே உறையவைக்கும்போது படிகம் பெரிதாக வழியில்லை. நம்மிடம் இயந்திரம் இல்லை என்றால் தண்ணீரைக் குறைக்க வேண்டும், கொழுப்பும் சர்க்கரையும் போதுமான அளவு இருக்க வேண்டும்.

குல்ஃபிக்கு ஒரு லிட்டர் கொழுப்பு நிறைந்த பாலை அடி கனமான பாத்திரத்தில் சிறு தீயில் வைத்து, ஓரத்தில் படியும் ஏட்டை வழித்து வழித்து உள்ளே விட்டு, நானூறு மில்லியாக வற்றும்வரை காய்ச்சுங்கள். ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்பட்டால் அடிப்பிடிக்கும். வேலை முடியும் தறுவாயில் மூன்றில் ஒரு பங்கு கப் சர்க்கரை. இறக்கி முழுக்க ஆறவிட்டு, ஃப்ரிட்ஜிலும் வைத்துக் குளிர்ந்த பிறகே ஒரு கப் இனிப்பான கூழைக் கலக்க வேண்டும். இந்த இடத்தில் பொறுமை இழந்தால் திரிந்துபோகும். அச்சிலோ சிறு டம்ளர்களிலோ ஊற்றி மூடி, எட்டு மணி நேரம் ஃப்ரீசரில்.

சர்க்கரையைக் குறைக்கச் சொல்லும் நானே இங்கே மட்டும் மாற்றிச் சொல்கிறேன். கலவையைச் சுவைத்தால் வழக்கத்தைவிட ஒரு படி கூடுதலாக இனிக்க வேண்டும். சில்லென்று இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். அதோடு சர்க்கரை கரைந்த நீர் அவ்வளவு எளிதில் உறையாது என்பதால் குல்ஃபி மென்மையாகவும் இருக்கும். சர்க்கரையை வெட்டினால் கல்தான் கிடைக்கும்.

ஐஸ்கிரீமுக்குச் சப்பென்ற பழமே போதும். இரண்டு கப் கூழை அகன்ற பாத்திரத்தில் சிறு தீயில் வைத்து, கைவிடாமல் கிளறி ஒரு கப்பாகச் சுண்டவிடுங்கள். தெறிக்கும், நீளக் கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். அரை எலுமிச்சையின் சாறும் சிட்டிகை உப்பும் சேர்த்து ஆறவையுங்கள். நல்ல பழத்தை நான் இப்படி அடுப்பில் ஏற்றவே மாட்டேன், சூடு பட்டதும் புதுப் பழத்தின் வாசனை போய் ஜாம் வாசனை வந்துவிடும். ஆனால் ருசியில்லாத பழத்துக்கு இதுதான் உயிர் கொடுக்கும். இன்னொரு பாத்திரத்தில் முப்பது சதவீதத்துக்கு மேல் கொழுப்புள்ள கிரீம் ஒரு கப். கிரீம், பாத்திரம், அடிக்கும் கருவி மூன்றும் ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்ததாக இருக்கட்டும். மெத்தென்று எழும்பி நிற்கும்வரை அடித்து, இருநூறு கிராம் கன்டென்ஸ்ட் மில்க்கும் சுண்டிய கூழும் சேர்த்து, காற்று போகாமல் கரண்டியால் மெதுவாக மடித்துக் கலக்குங்கள். மேற்பரப்பை ஒட்டி ஒரு தாளை வைத்து மூடி உறையவிடுங்கள். பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்பே வெளியில் எடுத்து வைத்துவிடுங்கள்.

கிண்ணத்தில் சாப்பிட

பால் சேராதவர்களுக்கு ஜவ்வரிசியும் தேங்காய்ப்பாலும். அரை கப் ஜவ்வரிசியைத் தாராளமாகக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, நடுவில் வெள்ளைப் புள்ளி மட்டும் மிஞ்சும்போது அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள். பத்து நிமிடத்தில் அந்தப் புள்ளியும் மறையும். வடிகட்டிக் குளிர்ந்த தண்ணீரில் அலசினால் ஒட்டாது. ஒரு கப் தேங்காய்ப்பால், இரண்டு கப் கூழ், கொஞ்சம் பழத்துண்டுகள், அவ்வளவுதான். அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள், மறுநாள் ஜவ்வரிசி இறுகிவிடும்.

கடல்பாசி (அகர் அகர்) புட்டிங்கில் ஒரே ஒரு நுணுக்கம்தான் இருக்கிறது. பத்து கிராம் கடல்பாசியை ஊறவைத்து, ஒரு கப் தண்ணீரில் துளி கூடத் தெரியாமல் கரையும்வரை கொதிக்கவிட வேண்டும். பழத்தை இதோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் புளிப்பு அதன் இறுகும் தன்மையைக் கெடுத்துவிடும். கரைசலை இரண்டு கப் தேங்காய்ப்பாலில் கலந்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஒன்றரை கப் கூழைச் சேருங்கள். கூழ் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததாக இருக்கக் கூடாது. நாற்பது டிகிரிக்குக் கீழே போனதும் கடல்பாசி உறையத் தொடங்கும், சில்லென்ற கூழ் பட்டால் அங்கங்கே நூல் நூலாகத் திரண்டுவிடும்.

தயிரைத் துணியில் கட்டி ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ஆறு மணி நேரம் தொங்கவிட்டு, வடிந்த கெட்டித் தயிரில் கூழும் பொடித்த சர்க்கரையும் குழைத்துச் சாப்பிடுவதும் உண்டு. புளிப்புப் பழம் இங்கே மிக நன்றாகப் பொருந்தும்.

ஏலக்காய், குங்குமப்பூ பற்றி ஒரு வார்த்தை. நல்ல பழம் என்றால் இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. சுண்டிய கூழில் ஒரே ஒரு ஏலக்காய் போடுவேன். எசன்ஸ் என் சமையலறையில் இல்லை.

பருவம் முடியும் தறுவாயில் ஒரு நாள் உட்கார்ந்து மூன்று கிலோ பழத்தையாவது கூழாக்குவேன். கிலோ கூழுக்கு நூறு கிராம் சர்க்கரையும் ஒரு எலுமிச்சையின் சாறும் கலந்தால் நிறம் கறுக்காது. ஒரு கப், ஒரு கப்பாகப் பைகளில் ஊற்றி, காற்றை வெளியேற்றித் தட்டையாகப் படுக்கவைத்து ஃப்ரீசரில் உறையவிடுவேன். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். உறையும்போது விரியும் என்பதால் பையை முழுக்க நிரப்பக் கூடாது. ஒவ்வொன்றின் மேலும் தேதியோடு, ‘இனிப்பு’, ‘புளிப்பு’, ‘சுண்டியது’ என்று எழுதி ஒட்டிவிடுவேன். மைனஸ் 18 டிகிரியில் ஆறு மாதம் நன்றாக இருக்கும். என் மகள் இப்போது வேறு ஊரில் வேலை செய்கிறாள். கோடையில் அவளுக்கு விடுமுறை கிடைப்பதில்லை. அவள் வரும் நாளுக்கு முந்தைய இரவு ‘இனிப்பு’ என்று எழுதிய பை ஒன்றை ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்கி வைப்பேன். காலையில் பாலும் கூழும் தயாராக இருக்கும், சர்க்கரையை அவளே சுவைத்துப் பார்த்துப் போட்டுக்கொள்வாள்.