பாகலில் விதை எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

நிறைய பேர் பாகல் விதை எடுக்கும் முறை இதுதான். நல்ல காயையெல்லாம் பறித்துக் குழம்பு வைத்துவிட்டு, கொடி ஓய்ந்துபோகிற சமயத்தில் இலைக்கு அடியில் தப்பிக் கிடந்து பழுத்துவிட்ட ஒரு கோணல் காயைப் பார்த்ததும் "சரி, இது விதைக்கு இருக்கட்டும்" என்று எடுத்து வைப்பது. அடுத்த பட்டத்தில் அது சரியாக முளைக்காது, முளைத்தாலும் காய் சிறுத்துப்போகும், உடனே "நாட்டு விதையே இப்படித்தான்" என்று விதைமேல் பழியைப் போடுவோம். விதைக்கென்று கொடியை முதலிலேயே ஒதுக்கி வைக்காததுதான் இங்கே பெரிய தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

கொடியில் இரண்டு மூன்று காய்கள் பழுக்க ஆரம்பித்துவிட்டாலே அதன் சத்து விதையை முற்ற வைப்பதற்குப் போய்விடும், புதுப் பிஞ்சு குறையும். அதனால் ஒரே கொடியில் சமையலுக்கும் காய் வேண்டும், விதைக்கும் பழம் வேண்டும் என்றால் இரண்டுமே சுமாராகத்தான் வரும். நன்றாகக் காய்க்கிற, நோய் இல்லாத நாலைந்து கொடிகளில் ஆரம்பத்திலேயே ஒரு துணியைக் கட்டி அடையாளம் வைத்துவிடுங்கள். இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகி நெளிந்து போயிருந்தால் அது தேமல் நோய், அந்தக் கொடியை விதைக்கு விடவே கூடாது. ஒரே ஒரு கொடியிலிருந்து மட்டும் வருஷக்கணக்கில் விதை எடுத்துக்கொண்டே போவதும் நல்லதல்ல. நாலைந்து கொடிகளின் விதையைக் கலந்து வையுங்கள்.

கடையில் வாங்கியது வீரிய ஒட்டு விதை என்றால் அதிலிருந்து விதை எடுக்க மெனக்கெட வேண்டாம். முளைக்கும், ஆனால் அடுத்த தலைமுறையில் ஒவ்வொரு கொடியும் ஒவ்வொரு விதமாகக் காய்க்கும். கோ 1, எம்டியு 1 மாதிரி ஒட்டு அல்லாத ரகங்களும், உங்கள் ஊரில் தலைமுறையாக வைத்திருக்கும் பாகலும்தான் இதற்குச் சரி.

அடுத்தது கலப்பு. பாகலில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாக வருகின்றன, மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தேனீக்கள். பந்தல் யாருடையது என்று தேனீ பார்க்காது. பக்கத்து வீட்டில் வெள்ளைப் பாகல் இருந்தாலோ, வேலியில் மிதி பாகல் (குட்டிக் குட்டியாகக் காய்க்கும் பாகல்) தானாகப் படர்ந்திருந்தாலோ உங்கள் நீளப் பாகலோடு கலந்துவிடும். அரசு விதைச் சான்றளிப்பில் பாகலுக்குச் சான்று விதை (விவசாயிக்கு விற்கும் விதை) என்றால் 500 மீட்டர், ஆதார விதை (சான்று விதையைப் பெருக்க எடுக்கும் மூல விதை) என்றால் 1000 மீட்டர் இடைவெளி கேட்பது இதற்காகத்தான். இதில் ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. கலப்பு நடந்தாலும் அந்த வருஷக் காயில் எதுவுமே தெரியாது. காயின் தோலும் சதையும் தாய்க்கொடியுடையவை, விதைக்குள் இருக்கும் கரு மட்டும்தான் கலந்தது. "காய் அச்சு அசல் நம்ம ரகம் மாதிரியே இருக்கே" என்று நம்பி எடுத்த விதை அடுத்த வருஷம்தான் வேஷம் கலைக்கும். இன்னொரு பக்கம், புடலை, பீர்க்கு, சுரை பக்கத்தில் இருப்பதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அவற்றோடு பாகல் கலக்காது, தாராளமாக ஒரே பந்தலில் ஏற்றலாம்.

500 மீட்டருக்கு நகரத்தில் எங்கே போவது? கையால் மகரந்தம் சேர்ப்பதுதான் வழி. மறுநாள் மலரப்போகும் மொட்டு முந்தின நாள் சாயங்காலமே நுனியில் மஞ்சள் காட்டும். பூவுக்குக் கீழே முள்முள்ளாகக் குட்டிப் பாகல் தெரிந்தால் பெண், வெறும் காம்பு மட்டும் என்றால் ஆண். இரண்டையும் சின்னக் காகித உறையால் தனித்தனியாக மூடி வையுங்கள். காலையில் வெயில் ஏறுவதற்குள் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கிவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் இருக்கும் சூல்முடியில் (மகரந்தம் ஒட்டுகிற நுனி) மெதுவாகத் தடவி, திரும்பவும் உறையை மூடிவிட வேண்டும். பலரும் விடுகிற இடம் இதுதான்: தடவியதோடு வேலை முடிந்தது என்று பெண் பூவை அப்படியே திறந்து விட்டுவிடுகிறார்கள், அடுத்த நிமிஷமே தேனீ வந்து உட்காருகிறது. ஓரிரு நாள் கழித்து உறையை எடுத்துவிட்டு, காம்பில் ஒரு வண்ண நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். பிஞ்சு பருக்கும்போது பெரிய உறையாகப் போட்டால் பழ ஈயும் முட்டை வைக்காது. பழ ஈ குத்திய காயில் நல்ல விதையை எதிர்பார்க்க முடியாது.

பட்டத்தையும் யோசிக்க வேண்டும். பாகலுக்கு ஆடியும் தையும் இரண்டும் ஏற்றவைதான். ஆனால் ஆடியில் விதைத்தால் காய் பழுக்கிற நேரம் வடகிழக்குப் பருவமழையில் மாட்டும், விதையைக் காயவைக்க வெயில் கிடைக்காது. என்னைக் கேட்டால் ஆடிப்பட்டம் கறிக்கு, தைப்பட்டம் விதைக்கு. தையில் தாமதிக்காமல் விதைத்துவிடுங்கள், வெயில் கடுமையானால் ஆண் பூவே அதிகம் வரும்.

எப்போது பறிப்பது என்பதில்தான் அவசரமும் அலட்சியமும் மாறி மாறி வரும். முற்றிய பச்சைக் காயில் எடுத்த விதை பார்க்கப் பெரிதாக இருந்தாலும் உள்ளே பருப்பு நிறைந்திருக்காது. பூ பூத்து ஏறக்குறைய நாலு வாரத்தில் காய் முழுக்க ஆரஞ்சு நிறத்துக்குத் திரும்பும், அப்போது பறியுங்கள். அதையும் தாண்டி விட்டால் நுனியிலிருந்து மூன்றாகப் பிளந்து செக்கச்செவேலென்று விதை வெளியே தெரியும். அணிலும் குருவியும் அதற்காகத்தான் காத்திருக்கும், மழை பெய்தால் சில விதை பழத்திலேயே முளைவிட்டுவிடும்.

அந்தச் சிவப்புச் சதையை அப்படியே காயவைப்பது இன்னொரு தவறு. பிசுபிசுவென்று ஒட்டிக் காய்ந்து பூஞ்சணமும் எறும்பும் வந்துவிடும். கொஞ்சம் மணலோ சாம்பலோ போட்டுக் கையால் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு கழன்று வரும், கழன்று வராவிட்டால் ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டு வைத்துக் காலையில் தேயுங்கள். நாள்கணக்கில் ஊறவிட வேண்டாம். அப்போதே மிதக்கிற பொக்கு விதையை வடித்துவிடுங்கள். காய்ந்த பிறகு இந்தச் சோதனையை நம்ப முடியாது, ஓட்டுக்குள் காற்று இருப்பதால் நல்ல விதையும் மிதக்கலாம்.

காயவைப்பதில் பாகல் ஓடு நம்மை ஏமாற்றும். வெளியே கலகலவென்று இருக்கும், உள்ளே பருப்பு இன்னும் ஈரமாக இருக்கும். முதல் ஓரிரு நாள் நிழலில், அப்புறம் காலை வெயிலிலும் சாயங்கால வெயிலிலும் துணிமேல் பரப்பிக் காயவையுங்கள். உச்சி வெயிலில் சிமெண்டுத் தரையிலோ தகரத்திலோ போட்டால் கரு வெந்துவிடும். ஒரு விதையை உடைத்துப் பருப்பை வளைத்துப் பாருங்கள், வளைந்தால் ஈரம் இருக்கிறது, சட்டென்று ஒடிந்தால் சரி. சான்றளிப்புத் தரம் சாதாரணப் பைக்கு 7 சதவீத ஈரம், காற்றுப் புகாத உறைக்கு 6 சதவீதம். மூடி இறுக்கமாக இருக்க இருக்க விதை இன்னும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். அரைகுறையாகக் காய்ந்ததை டப்பாவில் அடைப்பதற்குத் துணிப்பையில் தொங்கவிடுவதே மேல்.

சாம்பலில் புரட்டி வைப்பதும் சாணத்தில் பதித்துச் சுவரில் தட்டுவதும் அடுத்த பட்டம் வரைக்கும் போதும். அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால் கண்ணாடிப் பாட்டிலில் ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் கொஞ்சம் போட்டு, அது இல்லையென்றால் வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டு, ரகமும் மாதமும் வருஷமும் எழுதி ஒட்டி, ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வையுங்கள். எடுத்தவுடன் மூடியைத் திறக்காதீர்கள், குளிர்ந்த விதையில் காற்றின் ஈரம் அப்படியே படியும். அறைச் சூட்டுக்கு வந்தபின் திறங்கள்.

விதைப்பதற்கு முன் 20 விதையை ஈரத்துணியில் சுற்றிச் சோதித்துப் பார்க்கலாம். சான்று விதைக்கே பாகலில் 60 சதவீத முளைப்பு போதும், ஆக 12 வந்தாலே தேறியது. நாலு நாளில் வரவில்லை என்று தூக்கிப் போடாதீர்கள், ஓடு கெட்டி என்பதால் இரண்டு வாரம் வரை பார்க்கலாம்.