'மட்' மெயில் புரோகிராமில் பாதி எழுதிய மெயிலைப் பத்திரமாக வைக்க

கம்பம் ஊரில் ஏறிக் குமுளி போய்ச் சேருவதற்குள் மலைப்பாதையில் சிக்னல் வந்து வந்து போகும். ஏலக்காய்க் கணக்கு மெயிலை டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் திரையில்) மட் (mutt) என்ற மெயில் புரோகிராமை வைத்து எழுதுபவர்களுக்காக இது.

எடிட்டரை மூடியதும் வரும் திரையில் பெரிய எழுத்து 'பி' (P) தட்டினால் மெயில், இணைத்த பில்லோடு சேர்த்து, டிராஃப்ட்டாகிவிடும். மறுபடி எடுக்க, மெயில் பட்டியலில் பெரிய 'ஆர்' (R). மட் புரோகிராமைத் திறக்கும்போதே 'மட் -பி' (mutt -p, இங்கே சின்ன 'பி') என்று கொடுத்தாலும் சரி. கவனிக்க வேண்டியது, வெளியேறத் தட்டும் 'க்யூ' (q). அதைத் தட்டினால் சேமிக்கவா என்று கேட்கும். அவசரத்தில் 'என்' (n) அழுத்தினால் எழுதியதெல்லாம் போச்சு. மட்டின் செட்டிங் ஃபைலான மட்ஆர்சியில் (muttrc) 'போஸ்ட்போன்' (postpone) என்பதை 'யெஸ்' (yes) ஆக்கிவிட்டால் கேள்வியே வராது, தானாகச் சேமித்துக்கொள்ளும். எல்லோரும் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான்.

அப்புறம், டிராஃப்ட் எங்கே போய் உட்காரும்? எதையும் மாற்றாவிட்டால் ஹோம் டைரக்டரியில் 'போஸ்ட்போன்ட்' (postponed) என்ற ஃபைலில். மட்ஆர்சியில் அதே பெயருள்ள 'போஸ்ட்போன்ட்' செட்டிங்கில், மெயில் சர்வரிலேயே இருக்கும் ஐமேப் (IMAP) டிராஃப்ட்ஸ் ஃபோல்டரைக் கொடுத்தால் செல்போனிலும் அதே டிராஃப்ட் தெரியும். ஆனால் அதற்குச் சேமிக்கும் நேரத்தில் நெட் வேண்டும். மலையேறும் ஆட்களுக்கு லோக்கல் ஃபைலே மேல். மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டிச் சிக்னல் செத்தாலும் 'பி' வேலை செய்யும்.

சேர்ந்துபோன பழைய டிராஃப்ட்டுகளை 'ஆர்' காட்டும் பட்டியலிலேயே சின்ன 'டி' (d) தட்டி நீக்கலாம். ஒரே ஒரு டிராஃப்ட் இருந்தால் பட்டியல் வராது, அதுவே நேராகத் திறந்துவிடும்.