மறுமணத்திற்குப் பிறகு எங்கள் குடும்பம் ஒன்றுகூடிய விதம்

கணவரை இழந்த நானும் மனைவியை இழந்த அவரும் மறுமணம் செய்துகொண்டபோது, எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் அது மகிழ்ச்சியான செய்தியாக இருக்கவில்லை. அவருடைய மகள் என்னோடு சிரித்துப் பேசிய நாள்களில்கூட மாலையில் முகம் வாடி ஒதுங்கிவிடுவாள். என்னிடம் அன்பு காட்டினால் இறந்த தாய்க்குத் துரோகம் செய்வதாகும் என்று அவள் அஞ்சுகிறாள் என்பதையும், மறுமணக் குடும்பங்களில் இது மிக இயல்பானது என்பதையும் குடும்ப ஆலோசகர் ஒருவர் விளக்கினார்.

அதன்பின், கண்டிப்பதும் அனுமதி அளிப்பதும் பெற்றவரின் பொறுப்பாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். அவளுடைய படிப்பைப் பற்றியோ தூங்கும் நேரத்தைப் பற்றியோ நான் சொல்ல விரும்பியதை அவள் தந்தையிடம் மட்டுமே சொன்னேன். எல்லாவற்றையும்விட இதுவே பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது என்பது என் உறுதியான கருத்து. அவள் தாயின் படத்தைக் கூடத்திலேயே மாட்டினோம். அவரைப் பற்றி அவள் பேசும்போதெல்லாம் பேச்சை மாற்றாமல் கேட்டேன். என்னை அம்மா என்று அழைக்குமாறு அவளை வற்புறுத்த வேண்டாம் என உறவினர்களிடமும் கேட்டுக்கொண்டோம். அவர்களை இணங்கவைப்பது எளிதாக இருக்கவில்லை. தந்தையும் மகளும் தனியாகச் செலவிடும் நேரம் குறையாமல் பார்த்துக்கொண்டோம்.

இத்தகைய குடும்பங்கள் ஒன்றிணையப் பல ஆண்டுகள் ஆகலாம் என்று அறிந்திருந்ததால் அவசரப்படவில்லை. இப்போது காய்ச்சல் வந்தால் அவள் என்னைத்தான் தேடுகிறாள். என் மகன் இன்னும் சற்று விலகியே இருக்கிறான். அவனுக்காகவும் அதே பொறுமையோடு நாங்கள் மூவரும் காத்திருக்கிறோம்.