28 கேஜோடு ஸ்கீட் களத்தில் முதல் நாள்

டெக்சஸில் என் மகளுக்கு ஸ்கீட் (பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டு) கற்றுத்தர நான் எடுத்தது ரெமிங்டன் 1100 என்ற ஷாட்கன் துப்பாக்கி, 28 கேஜ், செமி ஆட்டோமேட்டிக். கேஜ் என்பது குழாயின் அளவு; எண் கூடக் கூடக் குழாய் சிறியது. சுடும்போது தோளில் விழும் 12 கேஜின் உதையை ஒருமுறை வாங்கிய பிள்ளை, அடுத்த முறை விசையை அழுத்தும் முன்பே கண்ணை மூடிக்கொள்ளும். 28 கேஜில் தோட்டாவுக்கு 21 கிராம் ரவைதான் (ரவை என்பது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்). வெடித்த வாயுவின் ஒரு பகுதி பிஸ்டனைத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுவதால் உதை இன்னும் மென்மையாகிறது. .410 என்ற குழாய் அளவு இதைவிடச் சிறியது, ஆனால் அதில் ரவை குறைவு. புதியவர்கள் தட்டைத் தவறவிட்டுத் தவறவிட்டு மனம் சோர்ந்துவிடுவார்கள். அதில் தொடங்காதீர்கள்.

முதலில் துப்பாக்கியைத் தோளில் தாங்கும் கட்டையின் நீளத்தைச் சரிபாருங்கள். நீளம் அதிகமென்றால் கன்னம் அதில் சரியாகப் படியாது, குறியும் தப்பும். அப்புறம் ஸ்கீட் சோக் (ரவை எவ்வளவு பரவ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் குழாய் முனை), 9ஆம் எண் என்ற பொடி ரவை.

முதல் நாள் ஒரே ஒரு தோட்டா மட்டும் போடுங்கள். இரண்டு போட்டால், முதலாவது வெடித்ததுமே அடுத்தது தயாராக நிற்கும். தட்டு உடைந்த சந்தோஷத்தில் பிள்ளை உங்களைப் பார்த்துத் திரும்பினால் குழாயும் கூடவே திரும்பும். முறை வரும்வரை போல்ட் (தோட்டா அறையை மூடும் பகுதி) திறந்தே இருக்கட்டும். காதடைப்பும் கண்ணாடியும் கட்டாயம்.

வேறு கேஜ் தோட்டாக்களைப் பையில் கலக்கவே வேண்டாம். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழாய்க்குள் நழுவிச் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழாயே வெடிக்கும்.

வீடு திரும்பியதும் பிஸ்டனிலும் வாயுத் துளைகளிலும் படிந்த கரியைத் துடைத்துவிடுங்கள்.