படுக்கை அருகே அல்ட்ராசவுண்ட்: ஆய்வுக் கட்டுரையை எப்படிப் படிப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் மருத்துவமும் நர்சிங்கும் படிக்கிறார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் சீனியர் ஒருவர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவியின் கைப்பிடியை, அதாவது ப்ரோபை எடுத்து, நோயாளியின் நெஞ்சில் வைத்துப் பார்ப்பார். "இதுக்கு ஆய்வு இருக்கு, படிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விடுவார். எப்படிப் படிப்பது என்று உட்கார்த்தி வைத்துச் சொல்லித்தர அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. தம்பி, தங்கச்சிகளே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். புள்ளியியல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

படி 1: என்ன கேள்வி கேட்டார்கள்?

இந்த ஸ்கேன் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைப் பார்க்கலாம். ஸ்கேனில் தெரிந்தது சரியா என்பது ஒன்று. ஸ்கேன் செய்ததால் நோயாளி பிழைத்தாரா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தால் இரண்டாவதற்கும் கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கட்டுரையின் ஓரத்தில் எந்தக் கேள்வி என்று பென்சிலால் எழுதிவிட்டுத்தான் மேலே படியுங்கள்.

படி 2: யாரை விட்டுவிட்டார்கள்?

பிரான்சில் மருத்துவர் லிக்டென்ஸ்டைன் 2008இல் வெளியிட்ட ப்ளூ (BLUE) என்ற நுரையீரல் ஸ்கேன் ஆய்வு, முதல் கேள்வியைக் கேட்ட வகை. கடும் மூச்சுத்திணறலோடு ஐசியுவுக்கு வந்தவர்களின் நுரையீரலை ஸ்கேனில் பார்த்து, 90.5 சதவீதம் பேருக்குக் காரணத்தைச் சரியாகச் சொல்ல முடிந்தது. ஆனால் சேர்த்தது 301 பேர், கணக்கில் வந்தது 260 பேர். கடைசிவரை காரணம் தெரியாதவர்கள், ஒன்றுக்கு மேல் காரணம் இருந்தவர்கள், அரிய நோய் வந்தவர்கள் என 41 பேரை விட்டுவிட்டார்கள். இரவு டூட்டியில் நம்மைத் திணறடிப்பது அந்த 41 பேர் மாதிரி ஆட்கள்தான். ஆய்வு அருமையானது, அந்தச் சதவீதத்தை மட்டும் அப்படியே வார்டுக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

படி 3: பிழைத்தவர்களை எண்ணுங்கள்

2018இல் வந்த ஷாக்-ஈடி (SHoC-ED) ஆய்வை எல்லோரும் படிக்க வேண்டும். வட அமெரிக்காவோடு நம் தென்னாப்பிரிக்க மருத்துவமனைகளும் அதில் சேர்ந்திருந்தன. காரணம் தெரியாமல் ரத்த அழுத்தம் இறங்கி வந்த 273 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஸ்கேன் செய்த குழுவில் 136 பேரில் 104 பேர் பிழைத்தார்கள். செய்யாத குழுவில் 134 பேரில் 102 பேர். (மீதி மூன்று பேரின் முடிவு கணக்கில் வரவில்லை.) வித்தியாசமே இல்லை.

சரி, ஸ்கேன் வீண் என்று சொல்லிவிடலாமா? அவசரப்படாதீர்கள். இவ்வளவு பேரை வைத்துப் பார்த்தால், உண்மையான வித்தியாசம் இரண்டு பக்கமும் 10 சதவீதம் வரை இருந்திருக்கலாம். அதோடு, வந்தவர்களில் பலருக்கு செப்சிஸ், அதாவது தொற்றால் உடல் முழுவதும் நிலைகுலைவது. அவர்களுக்கு ஸ்கேன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சலைனும் ஆன்டிபயாட்டிக்கும்தான். இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கியவரைப் போல, படத்தைப் பார்த்ததும் சிகிச்சையே மாறிவிடும் நோயாளிகள் குறைவு. பலன் கூட்டத்துக்குள் கரைந்துபோகும்.

படி 4: நம் ஊருக்குப் பொருந்துமா?

ஃபாஷ் (FASH) என்ற ஸ்கேன் முறை நம் குவாசுலு-நட்டாலின் ஹ்லபிசாவில் வேலை செய்த மருத்துவர்களிடமிருந்து வந்தது. அதை விளக்கும் கட்டுரை 2012இல் வெளியானது. எச்ஐவி உள்ளவருக்கு இதயத்தைச் சுற்றியோ, நெஞ்சிலோ, வயிற்றிலோ நீர் இருக்கிறதா, வயிற்று நிணநீர்க் கட்டிகள் வீங்கியிருக்கின்றனவா, மண்ணீரலில் புள்ளிகள் உண்டா என்று பார்த்து, நுரையீரலுக்கு வெளியே உள்ள காசநோயைத் தேடுகிறார்கள். எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் கைகொடுக்காத இடத்தில் இது பெரிய உதவி. ஆனால் இங்கே இதயத்தைச் சுற்றி நீர் என்றால் முதலில் காசநோய் நினைவுக்கு வரும். காசநோய் அரிதான ஊரில் அதே படத்துக்கு வேறு காரணம் தேடுவார்கள். படம் ஒன்றாக இருந்தாலும், எந்த ஊரில் எடுத்தது என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறும். எனக்கு இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

படி 5: கெடுதலை அளந்தார்களா?

பல கட்டுரைகள் இதைத் தொடுவதே இல்லை. இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சு அழுத்தத்தை 10 நொடிக்கு மேல் நிறுத்தக் கூடாது. 2017இல் வந்த ஒரு ஆய்வில், ஸ்கேன் செய்தபோது அந்த இடைவெளி சராசரியாக 21 நொடி, செய்யாதபோது 13. ஆகவே ப்ரோபை முன்னாடியே நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சத்தமாக எண்ணட்டும். இடைவெளியில் படத்தைப் பதிவு மட்டும் செய்யுங்கள். அழுத்தம் திரும்பத் தொடங்கிய பிறகு ஓட்டிப் பாருங்கள்.