மருந்தடிக்காத காப்பி, மணக்கும் காப்பி: சிறு தோட்டக்காரர்களுக்கு ஒரு செய்முறை

கீழ்ப் பழனி மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் அராபிக்கா வகைக் காப்பி வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "நாங்க மருந்தே அடிக்கிறதில்ல, விலை கூடக் கிடைக்குமா?" அதற்காக மட்டும் கிடைக்காது. இயற்கைக் காப்பி வேறு, ருசிக்காகக் கூடுதல் விலை போகும் ஸ்பெஷாலிட்டி காப்பி வேறு. ருசி பார்ப்பவர்கள் 100க்கு 80 மதிப்பெண்ணாவது போட்டால்தான் அது ஸ்பெஷாலிட்டி. மருந்தே படாத காப்பியும் பூசணம் பிடித்தால் 80 தொடாது.

முதல் வேலை, தோட்டம். காப்பித் தண்டைக் குடையும் வண்டான வெள்ளைத் தண்டு துளைப்பானுக்கு வெயில் பிடிக்கும். அதனால் கல்யாண முருங்கை, பலா, சில்வர் ஓக் நிழலைக் கெடுக்காதீர்கள். 200 லிட்டர் தண்ணீரில் 20 கிலோ சுண்ணாம்பு கரைத்துத் தண்டில் அடிக்கலாம். துளைப்பான் விழுந்த செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். இரக்கம் பார்த்தால் பக்கத்துச் செடியும் போகும்.

இயற்கைச் சான்றிதழ் வேண்டுமானால், தோட்டத்தில் செய்வதையெல்லாம் இன்றிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். காப்பி பல்லாண்டுப் பயிர் என்பதால் இயற்கை முறைக்கு மாறும் காலம் 3 ஆண்டு. ஏற்றுமதிக்கு என்பிஓபி (மத்திய அரசின் இயற்கை உற்பத்தித் திட்டச் சான்று), உள்ளூர் விற்பனைக்கு பிஜிஎஸ் (விவசாயிகள் குழுவாக ஒருவரையொருவர் சோதித்துத் தரும் சான்று). தனியாகப் போனால் செலவு தாங்காது, ஊரில் குழுவாகச் சேருங்கள்.

அடுத்தது பறிப்பு. நன்றாகச் சிவந்த பழம் மட்டும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை ஒரே செடிக்கு நாலைந்து தடவை போக வேண்டியிருக்கும். கூலியைக் கிலோ கணக்கில் பேசினால் பச்சைக்காயும் கூடையில் வரும், நாள் கூலி கொடுங்கள்.

பறித்த அன்றே பழத்தைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தள்ளிவிட்டு, பல்ப்பரில் தோலை உரியுங்கள். பிறகு தொட்டியில் 24 முதல் 36 மணி நேரம் ஊறட்டும். குளிர் அதிகமானால் இன்னும் கொஞ்சம் பிடிக்கும். கடிகாரத்தை நம்பாதீர்கள், கையில் அள்ளித் தேய்த்துப் பாருங்கள். வழவழப்புப் போய்க் கூழாங்கல் போல நறநறவென்றால் கழுவிவிடலாம். கழுவிய தண்ணீரை ஓடையில் விடக் கூடாது.

காயவைப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறோம். முதல் வருஷம் நான் சிமெண்டுக் களத்தில் கனமாகப் பரப்பி, மார்கழிப் பனியில் இரவு மூடாமல் விட்டேன். ஈரச் சாக்கு வாடை அடித்தது. அந்த வருஷக் காப்பியை வந்த விலைக்குத் தள்ளினேன். இப்போது வலை அடித்த கட்டிலில் போட்டு, நாலு விரற்கடை உயரம் தாண்டாமல் பரப்பி, அடிக்கடி கிளறி, சாயங்காலம் மூடிவிடுகிறேன். ஈரப்பதம் 10–12 சதவீதத்துக்கு வந்ததும் சாக்கில் கட்டலாம். மிளகு, உரம் இருக்கும் அறையில் மட்டும் வைக்காதீர்கள், காப்பி எல்லா வாடையையும் இழுத்துக்கொள்ளும்.

சரி, விற்பது எப்படி? ஏறக்குறைய 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ பச்சைக்கொட்டை (வறுக்காத காப்பிக்கொட்டை) தேறும். விலை பேசும்போது இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும். ரகம், உயரம், பறித்த தேதி, பக்குவம் செய்த முறை எல்லாம் எழுதிய அரைக் கிலோ மாதிரியை நாலைந்து ரோஸ்டர்களுக்கு (காப்பி வறுத்து விற்பவர்களுக்கு) அனுப்புங்கள். நல்ல மூட்டையில் பொறுக்கி எடுத்து அனுப்பாதீர்கள், எல்லா மூட்டையிலும் கைவிட்டு எடுங்கள். அதே மாதிரியில் அரைக் கிலோ உங்களிடமும் இருக்கட்டும். சரக்குப் போய்ச் சேர்ந்தபிறகு "மாதிரி மாதிரி இல்லையே" என்று பேச்சு வந்தால் எடுத்துக் காட்ட வேண்டுமே.